வெலிங்டனிலிருந்து உதம்பூர்: குளிர்காலத்தில் குடும்பத்தோடு காரில் போஸ்டிங் போக ஒரு முழு வழிகாட்டி

ராணுவத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, ஜம்முவுக்கு அப்பால் இருக்கும் உதம்பூருக்குப் போஸ்டிங் வந்தது டிசம்பரில். ஜனவரி மூன்றாம் வாரத்துக்குள் அங்கே ரிப்போர்ட் செய்ய வேண்டும். மூன்று வருடம் நீலகிரியின் வெலிங்டன் குவாட்டர்ஸில் குன்னூர்க் குளிரைப் பார்த்தவர்கள் நாங்கள். வடக்கின் குளிர் என்ன செய்துவிடும் என்ற தெனாவெட்டு கொஞ்சம் இருந்தது. இரண்டு பிள்ளைகள், ஏழு வருடப் பழைய பெட்ரோல் கார், சுமார் 3,100 கி.மீ. தூரம். கிளம்பிவிட்டோம்.

இதில் குவாலியர் வரையிலான முதல் 2,100 கி.மீ.க்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. அதற்கு அப்பால் மிச்சமிருக்கும் ஆயிரம்தான் பயணம். அங்கே எங்களைச் சிக்க வைத்தவை தெற்கிலிருந்து கூடவே எடுத்துப்போன பழக்கங்கள்: விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புவது, ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது, குளிர்காலத்தில் ஏசியைத் தொடாமல் இருப்பது. எதைக் கொண்டுபோக வேண்டும் என்ற பட்டியலை யாரும் தருவார்கள். எதை விட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில்: காரில் போகத்தான் வேண்டுமா?

வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால் ஜனவரியில் நகரவே நகராதீர்கள். போர்டு தேர்வுக்குப் பதிவு முடிந்திருக்கும். பழைய ஸ்டேஷனிலேயே குவாட்டர்ஸைத் தக்கவைத்துக்கொள்ள யூனிட் வழியாக விண்ணப்பித்துவிட்டு, அவர் மட்டும் முன்னால் போகட்டும். கர்ப்பிணிகளும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகளும் இருக்கும் குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன்.

ரயிலிலோ விமானத்திலோ போனால் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். மூடுபனி மாதங்களில் சென்னையிலிருந்து கட்ரா போகும் அந்தமான் எக்ஸ்பிரஸ் போன்ற நீண்ட தூர ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். ஜம்மு விமானங்கள் பார்வைத் தூரம் இல்லாமல் ரத்தாகும். காரின் அனுகூலம் ஒன்றே ஒன்று: எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தப் பொறுமை இல்லாவிட்டால் காரை லாரி கேரியரில் அனுப்பிவிட்டு நீங்கள் ரயிலேறுவதே மேல்.

மூன்று வாரம் முன்னால்: காகிதங்கள்

மூவ்மென்ட் ஆர்டர் (பயண உத்தரவு) நகல், குடும்பத்தினரின் டிபென்டன்ட் கார்டுகள், ராணுவக் கேன்டீனில் சாமான் வாங்கும் ஸ்மார்ட் கார்டு, பிள்ளைகளின் டிசி, தடுப்பூசி அட்டை. இவை ஒரு ஃபைலில், அந்த ஃபைல் அம்மாவின் கைப்பையில். டிக்கியில் அல்ல. லக்கேஜ் லாரியில் நிச்சயமாக அல்ல.

கேஸ் இணைப்பை ஒப்படைத்து டிரான்ஸ்பர் வவுச்சர் வாங்கிக்கொள்ளுங்கள். நிரப்பிய சிலிண்டரைக் காரிலோ லாரியிலோ திணிக்கும் வேலையே வேண்டாம். கேந்திரிய வித்யாலயா, ஆர்மி பப்ளிக் ஸ்கூல் இரண்டும் வருட நடுவில் வரும் பிள்ளைகளுக்குப் பழகியவை. ஆனாலும் போனில் ஒருமுறை கேளுங்கள். குளிர்கால விடுமுறையில் பள்ளி அலுவலகம் பூட்டியிருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலில்தான் நிற்க வேண்டும்.

வண்டிக்கு ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குப் பழைய ஆர்டிஓவின் தடையில்லாச் சான்றிதழ் தேவை. ஊரை விட்டுப் போனபின் அதை வாங்குவது பெரும்பாடு. 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிஎச் (பாரத்) வரிசை வண்டி எண் ராணுவத்தினருக்கும் உண்டு. மாநிலம் மாறும்போதெல்லாம் மறுபதிவு செய்யும் தொல்லை அதில் இல்லை. புது வண்டி வாங்கப் போகிறவர்கள் நேராக அதையே கேளுங்கள்.

ஃபாஸ்டாக்கில் பணம் நிரப்பிக்கொள்ளுங்கள். பணியிலிருக்கும் ராணுவத்தினருக்குச் சுங்க விலக்கு தரும் 1901-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இருக்கிறதுதான். அதை டோல் கேட்டில் எடுத்துச் சொல்லி ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். ஆனால் அரை மணி நேரம் போகும். வடக்கே ஜனவரியில் வண்டி ஓட்டக் கிடைப்பதே ஏழு மணி நேரப் பகல்.

இன்னொன்று, பலருக்கும் கடைசி நாளில்தான் தெரியவரும்: வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. பஞ்சாப் எல்லையைத் தாண்டி லக்கன்பூருக்குள் நுழைந்ததும் போன் ஊமையாகிவிடும். ஒரு எண்ணையாவது போஸ்ட்பெய்டுக்கு இப்போதே மாற்றிவிடுங்கள்.

வண்டியைத் தயார் செய்வது

மெக்கானிக்கிடம் முதலில் ரேடியேட்டரைத் திறக்கச் சொல்லுங்கள். நம்மூர் வெயிலில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கூலன்ட் வெறும் வண்ணத் தண்ணீராகியிருக்கும். உறைபனியில் தண்ணீர் பனிக்கட்டியானால் விரியும். விரிந்தால் எஞ்சின் பிளாக்கே வெடிக்கலாம். பழையதை முழுவதும் வடித்துவிட்டு, கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி என்று ஊற்றுங்கள். அந்தக் கலவை கிட்டத்தட்ட மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். உதம்பூருக்கு அவ்வளவு தேவையில்லை, பனிஹாலைத் தாண்டிக் காஷ்மீருக்குள் போகிறவர்களுக்குத் தேவைப்படலாம்.

பேட்டரிக்கு மூன்று வயதாகியிருந்தால் இங்கேயே மாற்றுங்கள். குளிரில் பேட்டரியின் தள்ளுசக்தி குறையும், அதே நேரம் எஞ்சின் ஆயில் கெட்டியாகி இன்னும் அதிகத் தள்ளுசக்தி கேட்கும். மேட்டுப்பாளையத்தில் ஒரே சாவியில் கிளம்பும் வண்டி ஆக்ராவில் இருமிவிட்டுப் படுத்துக்கொள்வது இதனால்தான்.

டயர் காற்று ஐந்து, ஆறு டிகிரி வெப்பம் குறைந்தால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறையும். கோயம்புத்தூரில் 28 டிகிரியில் பிடித்த காற்று, குவாலியரின் 5 டிகிரிக் காலையில் நாலு பிஎஸ்ஐ இறங்கியிருக்கும். பஞ்சர் என்று நினைத்து நாங்கள் டயரையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தோம். குவாலியரில் டயர் சூடாகும் முன் ஒருமுறை காற்றுப் பிடித்தால் போதும்.

வைப்பர் ரப்பரை மாற்றுங்கள். பின்பக்கச் சிவப்பு விளக்குகள் எல்லாம் எரிகிறதா என்று ஒருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்லட்டும். மூடுபனியில் உங்கள் உயிர் அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சமவெளியில் பிரச்சினை இல்லை. கடுங்குளிரில் டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். அதற்காகவே மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் லடாக்குக்காகக் கொண்டுவந்தது. உதம்பூர் வரை சாதாரண டீசலே போதும்.

பழைய டீசல் வண்டி என்றால் டெல்லியை இப்போதே யோசியுங்கள். பத்து வருடம் தாண்டிய டீசலுக்கும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் அங்கே கட்டுப்பாடு வரலாம். குளிர்காலத்தில் காற்று மாசு ஏறினால் பிஎஸ் 4 (பழைய மாசு விதிப்படி வந்த) டீசல் கார்களையும் நிறுத்துவார்கள். டெல்லியைச் சுற்றிப் போகும் புறவழி விரைவுச் சாலைகளும் இதே தடை வரும் பக்கத்து மாவட்டங்கள் வழியாகத்தான் போகின்றன. கிளம்பும் வாரத்தில் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எது லாரியில், எது காரில்

லாரி உங்களுக்குப் பிறகுதான் வரும். பத்து நாள், சில சமயம் பதினைந்து. அதுவரை வாழத் தேவையானது காரில் இருக்க வேண்டும்: சின்ன குக்கர், இன்டக்‌ஷன் அடுப்பு, நாலு தட்டு, மாவுப் பாத்திரம், இரண்டு வாரத்துக்கான மருந்து, ஒரு பெரிய ஃபிளாஸ்க், டார்ச், பழைய போர்வை இரண்டு, பேட்டரிக்கான ஜம்பர் கேபிள், வழுக்கும் இடத்தில் சக்கரத்தடியில் போட ஒரு சாக்கு. பின் கண்ணாடியை மறைக்கும்படி எதையும் அடுக்காதீர்கள்.

குளிராடையைக் கோயம்புத்தூரில் வாங்கிக் குவிக்க வேண்டாம். நாங்கள் குவித்தோம். கண்ணுக்கு அழகாக இருந்த அந்த ஸ்வெட்டர்கள் குவாலியர் காற்றில் கொசுவலை மாதிரி இருந்தன. கேன்டீனில் ஆளுக்கு இரண்டு ஜோடி தெர்மல் உள்ளாடை, ஒரு ஸ்வெட்டர், காதை மூடும் குல்லாய், சாக்ஸ் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை வழியில் பார்த்துக்கொள்ளலாம். கம்பளிக்குப் பேர்போன பானிபட்டும் உல்லன் துணி தயாராகும் லூதியானாவும் நீங்கள் போகும் அதே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில்தான் இருக்கின்றன. தரமும் விலையும் நம்மூரோடு ஒப்பிடவே முடியாது. இரண்டு ஊரிலும் ஒவ்வொரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பாதையும் இரவுத் தங்கலும்

கோயம்புத்தூர் இறங்கி சேலம் போனால், அங்கிருந்து உதம்பூர் வரை ஒரே எண்: 44. கன்னியாகுமரியில் தொடங்கி ஸ்ரீநகரில் முடியும் சாலை அது. பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், சாகர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா, டெல்லி, அம்பாலா, ஜலந்தர், பதான்கோட், ஜம்மு எல்லாம் அதே சாலையில்.

நம் குடும்பங்களுக்கு ஒரு வசதி, இந்தச் சாலை நெடுகக் கன்டோன்மென்ட்கள், அதாவது ராணுவக் குடியிருப்புகள். செகந்திராபாத், நாக்பூர் அருகே காம்ப்டி, சாகர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, அம்பாலா, ஜலந்தர், பதான்கோட். வழியில் தங்கும் டிரான்ஸிட் அறைகளுக்கு யூனிட் வழியாக முன்கூட்டியே எழுதிக் கேட்டு வையுங்கள். கிடைக்காத ஊரில் கன்டோன்மென்ட் பக்கமே லாட்ஜ் பாருங்கள். கேன்டீனும் ராணுவ மருத்துவமனையும் பக்கத்தில் இருக்கும்.

எங்கள் கணக்கு இது. கோயம்புத்தூரிலிருந்து பெங்களூரு 370 கி.மீ., மறுநாள் ஹைதராபாத் 570, அடுத்து நாக்பூர் 500. இந்த மூன்று நாளும் நம்மூர் மாதிரியே விடிகாலையில் கிளம்பலாம். நாலாம் நாள் சாகர், சுமார் 400. நாக்பூரைத் தாண்டி பெஞ்ச் காட்டுக்குள் விலங்குகள் கடக்கச் சாலையையே தூண்களில் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஐந்தாம் நாள் குவாலியர், 300. அதற்கப்புறம் ஒரு நாளைக்கு 200 முதல் 300 கி.மீ.தான் என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஆக்ராவில் ஓர் இரவு, டெல்லியில் ஓர் இரவு, அடுத்து அம்பாலா, பிறகு பதான்கோட், கடைசியில் உதம்பூர். வழியில் மாட்டிக்கொள்ள இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொண்டே ரிப்போர்ட் தேதியைக் கணக்கிடுங்கள். பத்தாம் நாள் போய்ச் சேர வேண்டியவர்கள் நாங்கள் பன்னிரண்டாம் நாள் போனோம்.

மூடுபனி: இதை இரண்டு முறை படியுங்கள்

தமிழில் எல்லாமே பனி. மூடுபனி, உறைபனி, வெண்பனி என்று முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொள்கிறோம், அவ்வளவுதான். அங்கே மூன்றும் வேறு வேறு சொற்கள்: கோஹ்ரா, பாலா, பர்ஃப். பெட்ரோல் பங்க்கில் யாராவது "ஆகே கோஹ்ரா ஹை" என்றால் முன்னால் கண் தெரியாத மூடுபனி. வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

கங்கைச் சமவெளியில் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க இது நடக்கும். மழையோ பாசனமோ ஈரமாக்கிய நிலம் இரவில் வேகமாகக் குளிரும், காற்று அசையாமல் நிற்கும், தரையை ஒட்டிய ஈரம் புகையாகத் திரளும். நள்ளிரவுக்குப் பின் தொடங்கி விடிகாலையில் உச்சம். பத்து, பதினொரு மணி வாக்கில் வெயில் ஏறினால்தான் கலையும். சில நாள் கலையவே கலையாது.

நாங்கள் குவாலியரிலிருந்து பழக்க தோஷத்தில் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். மொரேனா வரை மெல்லிய புகை. சம்பல் பாலத்தை நெருங்க நெருங்க எதிரே வெள்ளைச் சுவர். ஹெட்லைட்டைப் பிரகாசமாக்கினால் சுவர்தான் பிரகாசமானது. திடீரென்று கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வைக்கோல் மலை. பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிராலி. அவர் பிரேக்கை மிதித்த மிதியில் மடியிலிருந்த ஃபிளாஸ்க் கண்ணாடியில் போய் மோதியது. "ஏங்க, போதும், எங்கேயாவது நிறுத்துங்க" என்றேன். ஊர்ந்து ஊர்ந்து ஒரு தாபாவில் ஒதுங்கினோம். டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். "பெஹன்ஜி, இந்த மாசத்துல நாங்க சூரியனைப் பார்த்துட்டுத்தான் சாவியைத் தொடுவோம்" என்றார். மூன்று மணி நேரம் அவர் அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம்.

ஆகவே குவாலியருக்கு வடக்கே விதி இதுதான்: காலை பத்துக்கு முன் கிளம்பாதீர்கள், மாலை ஐந்தரைக்கு மேல் சாலையில் இருக்காதீர்கள். காலை டிபனை நிதானமாகச் சாப்பிடுங்கள், பிள்ளைகள் தூங்கட்டும்.

அப்படியும் நடுவழியில் மாட்டிக்கொண்டால் லோ பீமும் ஃபாக் லைட்டும் மட்டும் போடுங்கள். சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, முப்பதுக்கும் கீழே. கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கிவிட்டால் கண் தராத தகவலைக் காது தரும். ஓடிக்கொண்டிருக்கும்போது நாலு இன்டிகேட்டரையும் மினுக்க விடாதீர்கள். நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒட்டிப் போவது துணை மாதிரித் தோன்றும். அவன் பள்ளத்தில் இறங்கினால் நீங்களும் இறங்குவீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சாலையோரத்தில் நிறுத்தாதீர்கள். பெட்ரோல் பங்க், தாபா, டோல் பிளாசா என்று சாலையை விட்டு முழுவதும் விலகும் இடம்தான் நிற்கும் இடம். வண்டி பழுதாகி நடுவிலேயே நின்றுவிட்டால் இன்டிகேட்டர்களை மினுக்க விட்டு, எல்லோரையும் இடப்பக்கமாக இறக்கி, தடுப்புக்கு அப்பால் தள்ளிக் கூட்டிப்போங்கள். காருக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது, காருக்குப் பின்னாலும் நிற்கக் கூடாது.

உள்கண்ணாடியில் ஆவி படிந்தால் துணியால் துடைத்துத் துடைத்துக் கை வலிக்கும். ஏசியைப் போட்டு, சூட்டைக் கூட்டி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சும், சூடு கண்ணாடியைத் துலக்கும். குளிரில் ஏசியா என்று என் மாமியார் போனிலேயே திட்டினார்.

பிள்ளைகள்

தடித்த ஜாக்கெட்டோடு சீட் பெல்ட் போட்டால் பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே பஞ்சுதான் இருக்கும், அடிபடும்போது பிடிக்காது. ஜாக்கெட்டைக் கழற்றி, பெல்ட்டைப் போட்டு, மேலே போர்வை போர்த்துங்கள். தாகம் எடுக்காததால் பிள்ளைகள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள், வெந்நீராகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். உதட்டுக்கும் கன்னத்துக்கும் வாஸலின். டெல்லியைத் தாண்டி வரும் முர்த்தாலில் பராத்தா வாங்கிக் கொடுத்தால் அன்றைய மனுக்களெல்லாம் தீர்ந்துவிடும்.

பதான்கோட்டைத் தாண்டி

அங்கிருந்து உதம்பூர் 175 கி.மீ. மாதிரிதான். கிளம்பும் முன், பாதுகாப்புக்காக, காரில் ராணுவ ஸ்டிக்கர் இருந்தால் கிழித்துவிடுங்கள். இஸ்திரி போட்ட யூனிஃபார்மைப் பின் ஜன்னலில் தொங்கவிடும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, அதுவும் வேண்டாம். எந்த ஊரில் இருக்கிறோம் என்று வாட்ஸாப் ஸ்டேட்டஸும் வைக்காதீர்கள். கான்வாய் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், இரண்டு ராணுவ வண்டிகளுக்கு நடுவே காரை நுழைக்கவே கூடாது.

உதம்பூரோடு முடியாமல் ஸ்ரீநகர் வரை போகிறவர்கள் சொந்தக் காரில் வரலாமா என்பதை யூனிட்டிடமே கேளுங்கள். பலர் காரைக் கீழேயே நிறுத்திவிட்டுப் போகிறார்கள். டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையிலான நாற்பது நாளைக் காஷ்மீரில் சில்லாய் கலான் என்பார்கள், குளிரின் உச்சம். 2017-இல் திறந்த 9 கி.மீ. செனானி–நாஷ்ரி சுரங்கம் பட்னிடாப் மலையின் பனியைத் தவிர்க்க உதவுகிறது. 2021-இல் திறந்த எட்டரை கி.மீ. பனிஹால்–காஸிகுண்ட் சுரங்கம் பழைய ஜவஹர் சுரங்கத்துக்கு ஏறும் தொல்லையைக் குறைத்திருக்கிறது. நடுவே ராம்பன் பக்கம் மழை பெய்தால் மலையே சரிந்து வரும், கல் உருளும். அன்றன்று எந்தப் பக்கம் வண்டி விடுவார்கள் என்று போக்குவரத்துப் போலீஸ் அறிவிப்பதைப் பார்க்காமல் உதம்பூரை விட்டு நகராதீர்கள்.

போய்ச் சேர்ந்த முதல் இரவு

குவாட்டர்ஸ் உடனே கிடைக்காது. கிடைத்தாலும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா அன்போடு அங்கீட்டி என்ற கரி அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார். வாசலில் வைத்துக் கை காயுங்கள். மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்கினால் கார்பன் மோனாக்ஸைடு கொல்லும். நிறமில்லை, மணமில்லை, தலைவலி, குமட்டல், அப்புறம் மயக்கம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடக்கே இப்படிக் குடும்பத்தோடு இறந்தவர்கள் செய்தி வருகிறது. காற்று போக வழியில்லாத குளியலறை கேஸ் கீசரும் இதே ஆபத்துதான். மின்சாரத்தில் ஓடும் ஆயில் ஹீட்டர் வாங்குங்கள், அப்போதும் ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள்.

வந்து சேர்ந்த தேதியை ஆர்சி கவரின்மேல் எழுதிவையுங்கள், 12 மாதக் கணக்குக்குத் தேவைப்படும்.

இட்லி மாவு? அதையும் கேட்பீர்கள் என்று தெரியும். ஜனவரியில் உதம்பூரில் முதல் நாள் இரவு அரைத்து வைத்த மாவு மறுநாள் காலை வைத்தபடியே இருந்தது. இப்போது வெந்நீர் விட்டு அரைத்து, பாத்திரத்தைப் பானிபட் கம்பளியில் சுற்றி, கோதுமை டப்பாவுக்குப் பக்கத்தில் அலமாரிக்குள் வைக்கிறேன். மறுநாள் மதியம் பொங்குகிறது. இட்லி இரவுச் சாப்பாட்டுக்கு.